ஏலக்காயை ஏலம் விடலாம். ஏழையின் நோயை ஏலம் விடலாமா?



சில மாதங்களாக அணக்கரைச் சந்தியில் ஒரே பேச்சு. காலையில் ஜீப்புக்குக் காத்து நிற்கும் பெண்கள் பேசுகிறார்கள். மாலையில் டீக்கடைப் பெஞ்சில் ஆண்கள் பேசுகிறார்கள். "நம்ம டாக்டரு ஆஸ்பத்திரிய விக்கப் போறாராம். கம்பெனிக்காரங்க காருல வந்து பாத்துட்டுப் போனாங்களாம்." செய்தி மெய்யா, வதந்தியா என்று அவரிடமே கேட்டுவிடலாமென்று சங்கத்தின் சார்பில் இருவர் போனோம். அவர் சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை. "எனக்கும் வயதாகிறது. பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். எனக்குப் பின் இதை யார் நடத்துவார்கள்? நீங்களே சொல்லுங்கள்" என்று எங்களையே திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அங்கே நின்ற நிலையில் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம். ஆனால் பதில் சொல்லாமல் விட்டுவிடக் கூடிய கேள்வியல்ல அது. சக்குபள்ளத்திலும் வண்டன்மேட்டிலும் குமுளியிலும் நெடுங்கண்டத்திலும் ஏலத்தோட்டத்தை நம்பி வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் உயிரையும் தொட்ட கேள்வி அது.

அவர் மகான் அல்லர். ஆனால் நம் கைக்கு எட்டுபவர்

முதலில் ஒன்றை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுவோம். மலைநாட்டுச் சிறு கிளினிக் டாக்டர்கள் எல்லோரும் தொண்டு செய்ய வந்தவர்கள் அல்லர். சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக் காசு வாங்கியவர்கள் உண்டு. தேவையே இல்லாமல் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டவர்கள் உண்டு. சொந்த மருந்துக் கடையில் விலை கூடிய மருந்தாகப் பார்த்து எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அதையெல்லாம் நாம் பார்த்திருக்கிறோம், பட்டிருக்கிறோம், சண்டை போட்டுமிருக்கிறோம்.

இருந்தாலும் அந்த நாலு கட்டில் ஆஸ்பத்திரிக்கு நாம் ஏன் போகிறோம்? அவருக்கு நம் மொழி புரியும். "நெஞ்சக் கரிக்குது", "கை கால் ஓய்ஞ்சு வருது" என்று ஒரு தாய் சொன்னால், அதை மூன்று பேர் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சனிக்கிழமைதான் நமக்குக் கூலி என்பது அவருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு மருந்தைக் கொடுத்து அனுப்புவார். தோட்டத்தில் மருந்தடிக்கும் மாதம் எது என்பதும் அவருக்குத் தெரியும். ஒருவன் வேர்த்து விறுவிறுத்து, எச்சில் ஒழுக, வாந்தியெடுத்துக் கிடந்தால், "என்னடா மருந்து அடிச்ச? அந்த டப்பாவை எடுத்துட்டு வா" என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. ஆவணி மழையில் நாள் முழுதும் குந்தியிருந்து காய் எடுக்கும் பெண்ணுக்கு முழங்கால் ஏன் வீங்குகிறது என்று அறிய அவருக்குப் படம் எடுக்கும் எந்திரம் தேவைப்பட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் தவறு செய்தால் நாளைக் காலையில் அவர் வாசலில் போய் நின்று, "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கலாம். அவர் நமக்கு முகம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மாலையில் அதே சந்தியில்தான் அவரும் காய்கறி வாங்க வேண்டும்.

விற்கப்படப் போவது கட்டிலும் கட்டடமும் மட்டுமல்ல தோழர்களே! கேட்கும் இந்த உரிமையும் அதனோடு சேர்ந்து கைமாறுகிறது.

பத்தும் பத்தும் முப்பதாகும் மாயம்

ஒரு பெரிய கம்பெனி எதற்காக மலைமேல் வந்து ஒரு சின்ன கிளினிக்கை வாங்க வேண்டும்? இந்த வியாபாரத்தை நமக்கு விளக்க வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஏலக்காய் வியாபாரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளிடம் வீடு வீடாகப் போய்க் காயை வாங்குகிறான் வியாபாரி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, தரம் பிரித்து, மூட்டை கட்டிப் புற்றடிக்கும் போடிநாயக்கனூருக்கும் ஏலத்துக்குக் கொண்டு போகிறான். சில்லறையாக வாங்கிய விலை வேறு. மொத்தமாக விற்கும் விலை வேறு. நடுவில் இருப்பது அவன் இலாபம்.

மருத்துவத்திலும் இன்று நடப்பது இதுதான். கணக்குப் புரிவதற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். ஒரு கிளினிக்குக்கு ஆண்டுக்கு 20 லட்சம் இலாபம். தனி கிளினிக் என்பதால் அதற்கு ஐந்து ஆண்டு இலாபத்தை விலையாகக் கொடுக்கிறார்கள்: 1 கோடி. இப்படிப் பத்து கிளினிக்குகளை வாங்கினால் செலவு 10 கோடி. மொத்த ஆண்டு இலாபம் 2 கோடி. பத்துக்கும் ஒரே பெயர், ஒரே நிறப் பலகை, ஒரே கம்ப்யூட்டர் பில். இப்போது அது "குழுமம்" ஆகிவிட்டது. குழுமம் என்றால் சந்தையில் பதினைந்து ஆண்டு இலாபத்தை விலையாகக் கேட்கலாம். 2 கோடி இலாபத்துக்கு 30 கோடி விலை!

ஒரு கட்டில் கூடுதலாகப் போடவில்லை. ஒரு நர்சைக் கூடுதலாக வேலைக்கு எடுக்கவில்லை. ஒரு நோயாளி கூடுதலாகக் குணமாகவில்லை. ஆனால் 10 கோடி 30 கோடியாகிவிட்டது. ஏலக்காய் வியாபாரியாவது காயைத் தரம் பிரித்தான். இவர்கள் பிரித்தது என்ன?

அந்த 20 கோடி வானத்திலிருந்து விழாது. 30 கோடி கொடுத்து வாங்கியவன் 2 கோடி இலாபத்தோடு சும்மா இருப்பானா? அவனுக்கு 4 கோடி வேண்டும். அவனிடமிருந்து அடுத்து வாங்குபவனுக்கு 6 கோடி வேண்டும். வாங்கும்போதே கடன் எடுத்து வாங்கி, அந்தக் கடனையும் வட்டியையும் ஆஸ்பத்திரியின் தலையிலேயே கட்டுவதும் இத்தொழிலில் வழக்கம். இவ்வளவும் எங்கிருந்து வர வேண்டும்? நோட்டில் பெயரெழுதிக் கொடுத்த அந்தக் கடன் நிற்கும். ஒரு பரிசோதனை இருந்த இடத்தில் நான்கு வரும். இரண்டு நர்சு செய்த வேலையை ஒருத்தி செய்வாள். இலாபம் தராத பிரசவ அறை மூடப்படும். கடைசியில் எல்லாம் வந்து விழுவது நம் கூலிப் பணத்தில்தான்.

தொடுபுழா வரை வந்துவிட்டது

"இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், நம் மலைக்கு வருமா?" என்று கேட்பவர்களுக்குச் சில செய்திகள்.

கோழிக்கோட்டில் 1987இல் தொடங்கப்பட்டது பேபி மெமோரியல் மருத்துவமனை. ஒரு மருத்துவர் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக்கியது. 2024 ஜூலையில் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான கே.கே.ஆர். அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அடுத்து அந்தக் குழுமம் வாங்கியவற்றுள் ஒன்று, நம் இடுக்கி மாவட்டத்தின் தொடுபுழாவிலுள்ள சாழிக்காட்டு மருத்துவமனை. 2025இல் கோழிக்கோட்டு மேய்த்ரா மருத்துவமனையும் அதே குழுமத்தோடு சேர்ந்தது.

திருவனந்தபுரத்துக் கிம்ஸ் மருத்துவமனை, பிளாக்ஸ்டோன் என்னும் மற்றொரு அமெரிக்க நிறுவனத்தின் கையிலிருக்கும் குவாலிட்டி கேர் குழுமத்துக்குள் 2023இல் போயிற்று. 1987இல் துபாயில் ஒரே ஒரு கிளினிக்காகத் தொடங்கிய ஆஸ்டர், அந்தக் குவாலிட்டி கேரோடு இணைவதாக 2024 நவம்பரில் அறிவித்தது. இரண்டும் சேர்ந்தால் 38 மருத்துவமனைகள், 10,000க்கு மேற்பட்ட கட்டில்கள். அறிவித்த கணக்கின்படி பிளாக்ஸ்டோனுக்குச் சுமார் 31 விழுக்காடு. தொடங்கியவர்களுக்கு 24 விழுக்காடு.

தமிழ்நாட்டிலும் இதுதான் போக்கு. சென்னையில் 1957இல் தொடங்கிய டாக்டர் அகர்வால் கண் மருத்துவமனை, பல ஊர்களில் தனித்தனியாக இருந்த கண் மருத்துவமனைகளையும் வாங்கிச் சேர்த்து வளர்ந்தது. அமெரிக்காவின் டி.பி.ஜி.யும் சிங்கப்பூரின் தெமாசெக்கும் அதில் பணம் போட்டன. 2025 பிப்ரவரியில் அதன் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்தன.

இந்த மருத்துவமனைகளில் கெட்ட மருத்துவம் செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. அங்கே திறமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள், உயிர் காத்த நர்சுகள் இருக்கிறார்கள். நாம் கேட்பது ஒரே கேள்வி: தொடுபுழாவில் படுத்திருக்கும் நோயாளிக்கு அநியாயம் நடந்தால், கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர் எந்த ஊரில் இருக்கிறார்? முன்பு தொடுபுழாவிலேயே இருந்தார். இனி அவரைத் தேடி எந்தக் கடலைத் தாண்டுவது?

மற்ற நாடுகளில் இந்த ஆட்டம் முடிந்த விதம்

இந்த வியாபாரம் நமக்குத்தான் புதிது. பிற நாடுகளில் அதன் பலனை மக்கள் அனுபவித்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் போஸ்டன் நகரத்துப் பக்கம் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆறு மருத்துவமனைகள் இருந்தன. செர்பரஸ் என்னும் முதலீட்டு நிறுவனம் 2010இல் அவற்றை வாங்கி ஸ்டீவர்டு என்று பெயர் வைத்தது. 2016இல் மருத்துவமனைகள் நின்ற நிலத்தையும் கட்டடத்தையும் வேறொரு நிறுவனத்துக்குச் சுமார் 125 கோடி டாலருக்கு ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு, அதே கட்டடத்தில் வாடகைக்கு இருக்க வைத்தார்கள். சொந்த வீட்டை விற்கச் செய்து, அதே வீட்டுத் திண்ணையில் வாடகைக்குக் குடிவைத்த கதை! போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு செர்பரஸ் வெளியேறியது. 2024 மே மாதம் ஸ்டீவர்டு திவாலானது. அந்த ஆகஸ்டு முடிவில் இரண்டு மருத்துவமனைகள் மூடப்பட்டன. ஒன்று, நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்களும் உழைப்பாளிகளும் நிறைந்த டார்செஸ்டர் பகுதியின் கார்னி மருத்துவமனை.

டெக்சாஸ் மாநிலத்தில் அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் குழுக்களை ஒவ்வொன்றாக, பன்னிரண்டுக்கும் மேல் வாங்கிச் சேர்த்தது ஒரு நிறுவனம். அப்படிச் சேர்த்துப் போட்டியை ஒழித்து விலையை ஏற்றிவிட்டதாகக் குற்றஞ்சாட்டி 2023 செப்டம்பரில் அமெரிக்க அரசின் வணிக ஆணையமே அதன்மேல் வழக்குப் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இத்தகைய முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிய 51 மருத்துவமனைகளை மற்றவற்றோடு ஒப்பிட்டது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிக்கு நேரும் கேடுகள், அதாவது கீழே விழுவது, ஏற்றும் குழாய் வழியாகக் கிருமி தொற்றுவது போன்றவை, வாங்கிய பிறகு ஒப்பீட்டில் 25 விழுக்காடு கூடியிருந்தன. ஆள் குறைந்த வார்டில் எழுந்து நடக்கும் கிழவியைத் தாங்கிப் பிடிக்க யார் இருப்பார்?

இங்கிலாந்தில் ஆடு, மாடு, நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கும் நிலையங்களையும் விட்டுவைக்கவில்லை. 2013இல் பத்தில் ஒன்றுதான் பெரிய குழுமங்களிடம் இருந்தது. 2021இல் பத்தில் ஆறு. ஏழெட்டு ஆண்டுகளில் கட்டணம் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏறியதாக அந்நாட்டுச் சந்தை ஆணையம் கணக்குச் சொன்னது. பலகையில் பழைய டாக்டரின் பெயரே இருந்ததால், முதலாளி மாறியது பல பேருக்குத் தெரியவே இல்லை. நாய்க்குட்டிக்கு ஊசி போடுவதிலேயே இந்த ஆட்டம் என்றால், நாதியற்றவன் பிள்ளைக்கு ஊசி போடுவதில் எப்படி ஆடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

"பெரிய ஆஸ்பத்திரி வந்தால் நல்லதுதானே?"

இப்படி நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நெஞ்சு வலி வந்தவனை நாலு கட்டில் ஆஸ்பத்திரி காப்பாற்றாது. பாம்பு கடித்தவனுக்கும், தலையில் அடிபட்டவனுக்கும், கஷ்டப் பிரசவத்துக்கும் பெரிய மருத்துவமனை வேண்டும், எந்திரம் வேண்டும், நிபுணர் வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதே ஜீப்பில் உயிர் போன கதைகள் நம் லயங்களில் எத்தனை! எந்திரம் வேண்டாமென்று எவனும் சொல்லவில்லை.

ஆனால் பெரிதாவது வேறு, விலை போவது வேறு. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 கட்டிலோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று உலகிலேயே மிக அதிகமாகக் கண் அறுவை செய்யும் நிறுவனங்களில் அது ஒன்று. பணம் கொடுப்பவனுக்கும் கொடுக்க இயலாதவனுக்கும் அங்கே அறுவை நடக்கிறது. 1985 முதல் தேனியில் அதன் மருத்துவமனை இருக்கிறது. நம் பாட்டிமார் எத்தனை பேர் கம்பம் வழியாக அங்கே போய்க் கண் பெற்று வந்தார்கள்! அதுவும் பெரிதாகத்தான் வளர்ந்தது. ஆனால் அது ஓர் அறக்கட்டளை. மிச்சமாகும் பணம் அடுத்த ஆஸ்பத்திரியாக ஆகிறது, நியூயார்க் நகரத்துப் பணக்காரனின் பங்கு இலாபமாக ஆவதில்லை.

அதோடு, குழுமம் வாங்கிய கிளினிக்கில் எந்திரம் வரும் என்பது என்ன நிச்சயம்? பெரிய எந்திரம் கீழே நகரத்தில்தான் இருக்கும். மலைமேல் உள்ள கிளினிக்கின் வேலை, நோயாளியைப் பிடித்துக் கீழே அனுப்புவது. நம் ஆஸ்பத்திரியாக இருந்தது அவர்களுடைய தரகுக் கடையாகிவிடும்.

நம்மை ஏன் இது அதிகம் தாக்கும்?

இந்த வியாபாரம் எல்லா ஏழைகளையும் தாக்கும். நம்மை இரட்டிப்பாகத் தாக்கும். ஏனென்றால் நாம் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்பவர்கள்.

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் நாள்தோறும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் வந்து வேலை செய்யும் பெண்களை நினைத்துப் பாருங்கள். ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் தமிழ்நாட்டில். காயம் படுவதோ கேரளத்தில். கேரள அரசின் காருண்யா காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. ஆனால் அந்த அட்டை இவர்களிடம் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளிக்கென்று 2017 நவம்பரில் கேரளம் தொடங்கிய ஆவாஸ் திட்டம் சிகிச்சைக்கு வைத்த தொகை 15,000 ரூபாய். குழுமத்துக் கவுண்டரில் அது ஒரு நாள் தாங்குமா? தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிறது. நல்ல திட்டம், வாழ்த்துகிறோம். ஆனால் அந்த மாத்திரைப் பை மாநில எல்லையைத் தாண்டி லயத்துக்கு வராது.

தோட்ட முதலாளியின் கடமை என்ன ஆயிற்று? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 10ஆம் பிரிவு, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் பொறுப்பு என்றது. செய்யாவிட்டால் அரசே ஏற்பாடு செய்து, செலவை அவனிடம் வசூலிக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் 5 ஹெக்டேருக்கும் 15 தொழிலாளிக்கும் குறைந்த தோட்டம் அதில் தானாக வரவில்லை. ஏலமலையில் பத்திரத்தைப் பலர் பெயரில் துண்டு துண்டாக்குவது எப்படி என்று நமக்குத் தெரியாதா? அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. பெயர் மாறலாம், கடமை மறைந்துவிடவில்லை. அந்தக் கடமையை முதலாளி கைவிட்டதால்தான் நாம் தனியார் கிளினிக்கின் வாசலுக்கே வந்தோம். இப்போது அந்த வாசலும் விலை போகிறது.

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகனுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கடும் வயிற்றுவலி. உள்ளூர் டாக்டர் பார்த்து, "குடல்வால், உடனே கீழே கொண்டு போ" என்று சீட்டெழுதிக் கொடுத்தார். கீழே ஒரு நகரத்துப் பெரிய மருத்துவமனையில் முதலில் கேட்டது பையனின் பெயரையல்ல, முன்பணத்தை. தகப்பன் சட்டைப் பையில் இருந்தது 1,800 ரூபாய். கவுண்டரிலிருந்த பெண்ணும் கூலிக்காரிதான். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. "எனக்கு அதிகாரம் இல்லை, கம்ப்யூட்டர் ஏற்காது" என்றாள். அதிகாரம் யாரிடம்? அவளுக்கே தெரியவில்லை. உள்ளூர் டாக்டருக்குப் போன் போட்டு, அவர் தெரிந்தவர் ஒருவரிடம் பேசி, பணம் புரட்டி, விடியற்காலையில் அறுவை நடந்தது. பையன் பிழைத்தான். அந்த உள்ளூர் டாக்டரின் மேசையிலும் நாளை அதே கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தால், யாருக்குப் போன் போடுவது?

சட்டத்தில் ஓட்டையும் உண்டு, பிடியும் உண்டு

மருத்துவமனைத் துறையில் நூற்றுக்கு நூறு அந்நிய மூலதனம் தாராளமாக வரலாம் என்று 2000த்திலேயே கதவு திறந்தாயிற்று. ஏகபோகத்தைத் தடுக்க ஒரு போட்டி ஆணையம் டில்லியில் இருக்கிறது. ஆனால் வாங்கப்படும் நிறுவனத்தின் இந்தியச் சொத்து 450 கோடியையோ விற்றுமுதல் 1,250 கோடியையோ தாண்டாவிட்டால் பொதுவாக அந்த ஆணையத்தைக் கேட்க வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் உயர்த்திய வரம்பு இது. நாலு கட்டில் கிளினிக் இந்த வலையில் எப்படி விழும்? யானையை நிறுத்தக் கேட் போட்டார்கள். எலி எலியாகப் போய் உள்ளே யானையாகிறார்கள்!

ஆனால் நம் கைக்குப் பிடியும் ஒன்று இருக்கிறது. கேரள மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2018இல் நிறைவேறி 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மருத்துவ நிறுவனமும் கட்டணப் பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், காட்டிய கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அது. தனியார் மருத்துவமனைகளின் சங்கமும் மருத்துவர் சங்கமும் எதிர்த்து வழக்காடின. 2025 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. முன்பணம் இல்லையென்றோ, தாள் இல்லையென்றோ அவசர நோயாளிக்கு முதல் சிகிச்சையை மறுக்கக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது பரிசோதனை முடிவுகளைக் கையில் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. வழக்கு எந்தப் படியேறினாலும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

அந்தக் கட்டணப் பட்டியலை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வைக்கச் சொன்னது நீதிமன்றம். ஏலமலையில் தமிழ் எங்கே? கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் இடம் கொடுக்கிறது. அரசு ஆபீசில் உள்ள உரிமை ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இல்லையா? வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய விலை, விலையே எழுதாததற்குச் சமம்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது

ஒன்று: நம் பகுதியில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் கிளினிக்கிலும் கட்டணப் பட்டியல் தமிழிலும் வைக்கப்பட வேண்டும். முதலாளி மாறினால் அதையும் அதே பலகையில் எழுத வேண்டும்.

இரண்டு: ஆரம்ப சுகாதார நிலையம் நம் பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ளது. 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின்படி குடும்ப ஆரோக்கிய மையத்தில் மாலையிலும் மருத்துவர் இருக்க வேண்டும். வேலை முடிந்து ஜீப் இறங்கும் நேரத்தில் திறந்திருக்காத ஆஸ்பத்திரி நமக்கு ஆஸ்பத்திரியே அல்ல. தமிழ் தெரிந்த ஒரு நர்சும், விஷ முறிவு மருந்தும் அங்கே இருக்க வேண்டும். 2025 டிசம்பரில் ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினர்களிடம் இதைக் கேளுங்கள்.

மூன்று: வயதான டாக்டர் விற்க விரும்பினால், முதல் வாய்ப்பு பஞ்சாயத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். கூட்டுறவு மருத்துவமனை கேரளத்துக்குப் புதிதல்ல. பெரிந்தல்மண்ணையிலும் கொல்லத்திலும் கூட்டுறவுக்காரர்கள் பெரிய மருத்துவமனைகளையே நடத்துகிறார்கள். பெரிந்தல்மண்ணையில் முடிந்தால், கொல்லத்தில் முடிந்தால், கட்டப்பனையில் ஏன் முடியாது?

நான்கு: இரு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேசி, எந்தப் பக்கத்து அட்டையானாலும் இரு பக்கமும் செல்ல வகை செய்ய வேண்டும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீருக்கு மேசைபோட்டுப் பேச முடிகிறவர்களுக்கு, அதே மலையில் ஏறி இறங்கும் தொழிலாளியின் இரத்தத்துக்காகப் பேச முடியாதா?

ஐந்து: இது அரசைக் கேட்பதல்ல, உங்களைக் கேட்பது. ஆஸ்பத்திரிச் சீட்டையும் பில்லையும் தூக்கி எறியாதீர்கள். சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்த நாளில், எந்த நோய்க்கு, எவ்வளவு வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் பதிந்து வைப்போம். அவர்கள் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கிறார்கள், நாம் நாற்பது பக்க நோட்டிலாவது வைப்போம். விலை ஏறும்போது ஏறியதை நிரூபிக்க அந்த நோட்டுத்தான் நமக்குச் சாட்சி.

"கூலிக்காரர்களால் ஆஸ்பத்திரி விஷயத்தில் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. சத்தீஸ்கர் பகுதியின் தல்லி ராஜ்கரா இரும்புச் சுரங்கத்தில் 1977 ஜூனில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்தார்கள். சங்கர் குகா நியோகியின் தலைமையில் அந்தச் சுரங்கக் கூலிகள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு, தங்கள் கையால் மண் சுமந்து, அந்தத் தியாகிகளின் பெயரால் ஒரு மருத்துவமனை கட்டினார்கள். 1983 ஜூன் 3 அன்று ஷகீத் மருத்துவமனை திறக்கப்பட்டது. எந்த நிதி நிறுவனத்தையும் அவர்கள் கேட்கவில்லை. நமக்கும் தெம்பில்லாமல் இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறுச் சாலையில் உட்கார்ந்து கம்பெனியையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒருசேர அசைத்துக் காட்டியவர்கள் நம் அக்கா தங்கைகள்தானே!

இனி அந்த டாக்டரின் கேள்விக்கு வருவோம். "எனக்குப் பின் யார் நடத்துவார்கள்?" என்றார். டாக்டர் ஐயா, முப்பது ஆண்டாக உங்கள் நோட்டில் கடன் எழுதி, பெரும்பாலும் அடுத்த சனிக்கிழமையே கொண்டு வந்து கொடுத்தவர்கள் நாங்கள். கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று நினைக்கிறோம். ஓர் ஆண்டு பொறுங்கள். பஞ்சாயத்தையும் கூட்டுறவு வங்கியையும் கூட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருகிறோம். நியாயமான விலையைப் பேசுவோம். உங்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும். எங்களுக்கு ஆஸ்பத்திரி கிடைக்கட்டும். அதற்குள் யாராவது காரில் வந்து இரட்டை விலை சொன்னால், அந்த இரண்டாவது பங்கை எங்கள் பிள்ளைகளின் காய்ச்சலிலிருந்துதான் எடுப்பார்கள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே! ஏலமலையில் எத்தனையோ ஏலம் பார்த்துவிட்டோம். காய் ஏலம் போனது. நாம் எடுத்த காயின் விலையை நம்மைக் கேட்காமல் யாரோ சொன்னார்கள். அதைத் தடுக்க நமக்கு அன்று திராணியில்லை. நம் நோய்க்கும் பிரசவத்துக்கும் விலை சொல்ல இப்போது வருகிறார்கள். இந்த ஏலத்தில் நாம் வாய் மூடி நிற்க மாட்டோம்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். வரும்போது பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கையோடு கொண்டு வாருங்கள்!